ராட்டினத்துக்கு அருகே ஒரு மருந்து அறை

கோனி ஐலண்டின் மருத்துவ வரலாறு பாதத்தில் ஏறிய கண்ணாடிச் சில்லிலிருந்து தொடங்குகிறது. நியூயார்க்கின் ப்ரூக்ளின் பகுதியின் தென்கோடியில், அட்லாண்டிக் கடலை ஒட்டிக் கிடக்கும் மணல்திட்டு அது. அங்கே மேற்கு மூன்றாம் தெருவுக்கு அருகில், கடற்கரையிலேயே, 1875-இல் ஒரு முதலுதவி நிலையம் அமைந்தது. அந்தக் கரைக்கு ரோலர் கோஸ்டர் வர இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. குடித்துவிட்டு வீசிய பாட்டில்கள் உடைந்து மணலில் புதைந்திருக்கும். வெறுங்காலோடு ஓடியவர்கள் ரத்தம் சொட்டச் சொட்ட வந்து நிற்பார்கள். சில்லை எடுத்து, காயத்தைக் கழுவி, கட்டுப்போட்டு அனுப்புவதுதான் அந்த நிலையத்துக்குப் பெரும்பாலும் வாய்த்த வேலை.

பொழுதுபோக்குப் பூங்காக்களின் கதையை எழுதியவர்கள் ராட்டினங்களையும் விளக்குகளையும் கூட்டத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பூங்காவின் மூலையில் ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி, ஒரு பதிவேடு ஆகியவற்றோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தப் புத்தகங்களில் கிடைத்த இடம் மிகக் குறைவு. ஒரு ராட்டினம் மனித உடலை என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் எதைப் பதிவேட்டில் எழுத வேண்டும், எதை எழுதாமல் விடலாம் என்ற கேள்வி நூறு ஆண்டுகளுக்குப் பிறகு சட்டமன்றம் வரை போயிற்று.

1875 என்பது முதலுதவிக்கே இளம் பருவம். நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை தன் ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கி ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. குதிரை வண்டியில் ஒரு மருத்துவரும் ஏறிக்கொண்டு போவார். மருத்துவர் அல்லாதவர்களுக்கும் முதலுதவி கற்றுத்தரலாம் என்ற எண்ணம் இங்கிலாந்தில் அமைப்பாக உருவெடுத்தது 1877-இல், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்தின் மூலம். அடுத்த ஆண்டு பீட்டர் ஷெப்பர்ட் என்ற ராணுவ மருத்துவர் வுல்விச்சில் பொதுமக்களுக்கு வகுப்பு எடுத்தார். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தில் முதலுதவிக்கெனத் தனிப்பிரிவு ஏற்பட 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, கோனி ஐலண்டில் முதல் கட்டைப் போட்டவர்களுக்கு முன்னோடிகளோ பாடப்புத்தகங்களோ அதிகம் இல்லை.

கண்ணாடிச் சில்லைவிடப் பெரிய பகை கடல். அன்றைய நகரவாசிகளில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது. வாடகைக்கு எடுத்த கம்பளித் துணி உடை தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும். கரையிலிருந்து கடலுக்குள் கயிறு கட்டியிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அலையில் நனைவார்கள். கைநழுவினால் ஆபத்துதான். கரைக்கு இழுத்து வந்தவரை என்ன செய்வது என்பதிலும் அந்தத் தலைமுறைக்குத் தெளிவு இல்லை. மூழ்கியவரைப் பீப்பாய் மேல் கவிழ்த்து உருட்டுவது பழைய வழக்கம். மல்லாக்கப் படுக்க வைத்துக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி இறக்குவது 1858-இல் சில்வெஸ்டர் சொன்ன முறை. குப்புறப் படுக்க வைத்து முதுகின் கீழ்ப்பகுதியை அழுத்தி விடுவது ஷாஃபர் 1903-இல் சொன்னது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கடற்கரைக் காவலர்கள் அந்த ஷாஃபர் முறையையே பயின்றார்கள். வாயோடு வாய் வைத்து ஊதுவதே மேலானது என்று பீட்டர் சாஃபரும் ஜேம்ஸ் எலாமும் சோதனைகளால் நிறுவியது 1950-களின் இறுதியில். நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்கும் முறை மருத்துவ இதழில் வெளியானது 1960-இல். அதற்கு முன்பு மணலில் மண்டியிட்டு மணிக்கணக்கில் முதுகை அழுத்திக்கொண்டிருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த மிகச் சிறந்ததையே செய்தார்கள்.

கடலில் உயிர்காக்கும் வேலையில் பெயர் பெற்ற ஒருவர்தான் கோனி ஐலண்டின் முதல் பூங்காவையும் கட்டினார். பால் பாய்டன் என்பது அவர் பெயர். அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் மீட்புப் பணி செய்தவர். ரப்பர் உடை அணிந்து 1875-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தவர். சுற்றிலும் வேலி போட்டு, வாசலில் கட்டணம் வாங்கும் ஸீ லயன் பார்க்கை அவர் 1895-இல் திறந்தார். அங்கே நின்ற ஃபிளிப் ஃபிளாப் என்ற ரயில் பயணியைத் தலைகீழாகச் சுழற்றியது. வளையத்தின் குறுக்களவு 25 அடி. அது சுத்தமான வட்டம், அதில்தான் கோளாறு. வேகமாக வரும் வண்டி நேர்த்தடத்திலிருந்து வட்டத்துக்குள் நுழையும் அந்த ஒரு நொடியில் உடல் எடை பல மடங்காகிக் கழுத்தின் மீது இறங்கும். புவியீர்ப்பைப் போல் 12 மடங்கு வரை விசை இருந்திருக்கும் என்று பின்னால் கணக்கிட்டவர்கள் சொல்கிறார்கள். கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள் பலர். ஏறுவதைவிட வேடிக்கை பார்க்க வந்த கூட்டமே அதிகமாகிவிட்டது. 1901-இல் எட்வின் ப்ரெஸ்காட் கட்டிய லூப் தி லூப், வட்டத்தை நீள்வட்டமாக மாற்றிக் கழுத்தைக் காப்பாற்றியது. காயம் பொறியாளருக்குப் பாடம் சொன்ன முதல் சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

அதே 1901-இல், கோனி ஐலண்டிலிருந்து வெகுதூரம் தள்ளி, பஃபலோ நகரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி, கேளிக்கைத் திடலின் மருத்துவ அறை எந்த அளவுக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பதை உலகத்துக்கே காட்டியது. பான் அமெரிக்கன் பொருட்காட்சி அங்கே நடந்துகொண்டிருந்தது. நயாகராவின் மின்சாரத்தில் லட்சக்கணக்கான விளக்குகள் எரிந்தன. திடலுக்குள்ளேயே ஒரு சிறு மருத்துவமனை இருந்தது. மயக்கம், வயிற்றுக்கோளாறு, சுளுக்கு, சிறு வெட்டுக்காயம் இவற்றுக்காக அமைத்தது. செப்டம்பர் 6 அன்று மாலை நான்கு மணி கடந்த சில நிமிடங்களில், இசை மண்டபத்தில் மக்களோடு கைகுலுக்கிக்கொண்டிருந்த ஜனாதிபதி வில்லியம் மெக்கின்லியை லியோன் சொல்கோஸ் சுட்டான். மின்சாரத்தில் ஓடும் ஆம்புலன்ஸ் சில நிமிடங்களில் அவரை அந்தச் சிறு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது.

அதுவரை எல்லாம் சரியாக நடந்தது. அதற்குப் பிறகுதான் குறைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. பொருட்காட்சியின் மருத்துவ இயக்குநர் ராஸ்வெல் பார்க் பெயர்பெற்ற அறுவைச் சிகிச்சை நிபுணர். அந்த நேரத்தில் நயாகரா ஃபால்ஸ் நகரில் வேறொருவரின் கழுத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். கைக்குக் கிடைத்தவர்களில் மூத்தவரான மாத்யூ மேன் மகப்பேறு மற்றும் பெண்கள் நோய் மருத்துவர். குண்டுக் காயங்களில் அவருக்குப் பெரிய பழக்கம் இல்லை. அறையில் போதுமான வெளிச்சம் இல்லை. ஜன்னல் வழியாகச் சாய்ந்து வந்த மாலை வெயிலைக் கண்ணாடியால் பிரதிபலித்து வயிற்றுக்குள் காட்டினார்கள். வெளியே கோபுரம் முழுக்க மின்விளக்குகள், உள்ளே அறுவை மேசைக்கு வெளிச்சம் போதவில்லை. இரைப்பையில் இருந்த இரண்டு துளைகளையும் தைத்தார்கள். குண்டு கிடைக்கவில்லை. சீழ் வடிய வழி வைக்காமல் வயிற்றை மூடினார்கள். எடிசன் எக்ஸ்ரே கருவி ஒன்றை அனுப்பி வைத்தார், அதை உபயோகிக்கவில்லை. எட்டாம் நாள், செப்டம்பர் 14 அன்று, உள்ளே திசு அழுகிப்போய் ஜனாதிபதி இறந்தார். நல்ல மருத்துவமனையில் சேர்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அன்றிலிருந்து மருத்துவர்கள் விவாதித்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் ஒன்று மாறாது: விளக்குக்கும் கோபுரத்துக்கும் காட்டிய தாராளத்தில் சிறு பங்கைக்கூட மருத்துவ அறைக்குக் காட்டியிருக்கவில்லை.

பஃபலோ பொருட்காட்சியிலிருந்து கோனி ஐலண்டுக்கு இரண்டு விஷயங்கள் இடம்பெயர்ந்தன. ஒன்று, ஃபிரெடரிக் தாம்ஸனும் எல்மர் டண்டியும் நடத்திய 'சந்திரனுக்கு ஒரு பயணம்' என்ற காட்சி. அதை வைத்தே அவர்கள் 1903-இல் லூனா பார்க்கைத் தொடங்கினார்கள். மற்றொன்று, குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்துக் காட்டிய மார்ட்டின் கூனியின் கூடம். அவரைப் பற்றிச் சற்று நிதானமாகவே பேச வேண்டும். அதற்கு முன் கரையில் இருந்த மருத்துவமனையைப் பார்த்துவிடலாம்.

கூட்டம் பெருகப் பெருக மணலில் இருந்த முதலுதவி நிலையம் போதவில்லை. 1902-இல் ஸீ ப்ரீஸ் அவென்யூவில் ஒரு பழைய மரவீட்டை வாடகைக்கு எடுத்து அவசர மருத்துவமனை ஆக்கினார்கள். 'வரவேற்பு மருத்துவமனை' என்று பெயர். சுமார் 20 படுக்கை. உயிருக்கு ஆபத்தானவர்களைக் குதிரை ஆம்புலன்ஸில் ஏற்றி, பல மைல் தள்ளியிருந்த கிங்ஸ் கவுண்டி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த வண்டி போய்ச்சேரும் நேரத்தில் எத்தனை ரத்தம் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1910 மே மாதத்தில்தான் ஓஷன் பார்க்வேயில் சுமார் 100 படுக்கையோடு நிரந்தரக் கட்டடம் திறந்தார்கள். முதல் கட்டுக்கும் முறையான மருத்துவமனைக்கும் இடையில் 35 ஆண்டுகள்! அதே காலத்தில் அந்தக் கரையில் மூன்று பெரிய பூங்காக்கள் எழுந்து நின்றுவிட்டன.

அந்தப் பூங்காக்களில் சில விளையாட்டுகள் ஆட்களைக் கீழே தள்ளுவதற்காகவே அமைக்கப்பட்டவை. ஜார்ஜ் டில்யூவின் ஸ்டீபிள்சேஸ் பார்க்கில் உருளும் பீப்பாய்க்குள் நடந்துபோக வேண்டும். நடப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். சுழலும் பெரிய வட்டத்தட்டின் நடுவில் உட்கார்ந்தவர்களை அது விளிம்புக்குத் தூக்கி எறியும். மரக்குதிரைப் பந்தயத்தை முடித்து வெளியே வருபவர்களைக் கோமாளி ஒருவன் மின்சாரக் கோலால் தொட்டுத் துள்ள வைப்பான். முன்பின் தெரியாத ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் தொட வழியில்லாத காலத்தில், இந்த விழுதலும் பிடித்தலும்தான் மக்களை இழுத்தன. சிராய்ப்பும் சுளுக்கும் கட்டணத்திலேயே அடங்கியவை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சுரங்கரயில் 1920-இல் ஐந்து சென்ட் கட்டணத்தில் கடற்கரை வரை வந்த பிறகு, கோடை ஞாயிறுகளில் பத்து லட்சம் பேர் வரை கூடினார்கள். நம் ஊர்த் தேர்த்திருவிழாவை ஒவ்வொரு வாரமும் நடத்தி, அதற்கு ஒரே ஒரு ஆஸ்பத்திரியை வைத்தது போல.

பூங்கா மருத்துவ வரலாற்றில் மிக விசித்திரமான, மிக நெடிய சேவை மார்ட்டின் கூனியுடையது. 1869-இல் அன்றைய பிரஷ்யாவில், இன்று போலந்தில் இருக்கும் க்ரோடோஷினில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸில் பியர் பூதேன் என்ற புகழ்பெற்ற மருத்துவரிடம் பயின்றதாகச் சொல்லிக்கொண்டார். அவர் மருத்துவப் பட்டம் பெற்றதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் நடத்திய கூடம் மிக ஒழுங்கானது.

இன்குபேட்டர் அவர் கண்டுபிடிப்பு அல்ல. பாரிஸின் மகப்பேறு மருத்துவர் ஸ்தெஃபான் தார்னியே, உயிரியல் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு, அதைப்போல் குழந்தைக்கும் செய்யச் சொன்னார். 1880-இல் அது மருத்துவமனைக்கு வந்தது. நீஸ் நகரத்தின் அலெக்ஸாந்தர் லியோன் அதை மேம்படுத்திக் கடைத்தெருவில் வைத்து, பார்க்க வருபவர்களிடம் காசு வாங்கி நடத்தினார். கூனியின் காட்சி, அவர் சொன்னபடி 1896-இல் பெர்லின் பொருட்காட்சியில் தொடங்கி, லண்டன், ஒமாஹா, பாரிஸ், பஃபலோ என்று சுற்றி 1903-இல் கோனி ஐலண்டில் வந்து இறங்கியது. அங்கே அது 40 ஆண்டுகள் நிலைத்தது.

வேலை நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். எஃகும் கண்ணாடியும் சேர்ந்த பெட்டி. கீழே கொதிகலனிலிருந்து வெந்நீர்க் குழாய்கள். சூட்டைச் சீராக வைக்கத் தெர்மோஸ்டாட். வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே அனுப்பும் குழாய். மேலே கெட்ட காற்று வெளியேற ஒரு புகைபோக்கி. தாய்ப்பாலூட்டும் பெண்களைச் சம்பளத்துக்கு வைத்து அங்கேயே தங்க வைத்தார். அவர்களுக்கு நல்ல சாப்பாடு போட்டார். வெளியே போய் ஹாட் டாக் தின்றது தெரிந்தால் வேலையிலிருந்து நீக்கிவிடுவார். உறிஞ்சக்கூடத் தெம்பில்லாத குழந்தைக்கு மூக்கின் வழியே சிறு கரண்டியால் பால் சொட்ட விடுவதில் தலைமைச் செவிலி லூயி ரெக்ட் தேர்ந்தவர். கூனியின் மனைவி அனாபெல்லும் செவிலி. 1907-இல் அவர்களுக்கே குறைமாதத்தில் பிறந்த மகள் ஹில்டகார்டும் அதே பெட்டியில் வளர்ந்து, பிற்காலத்தில் செவிலியாகி அதே கூடத்தில் வேலை செய்தார்.

பெற்றோரிடம் ஒரு காசு வாங்கவில்லை. செலவு முழுவதும் வாசலில் வாங்கிய 25 சென்ட் கட்டணத்திலிருந்து வந்தது. கம்பித் தடுப்புக்கு அப்பால் நின்று கூட்டம் பார்க்கும். செவிலி தன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிக் குழந்தையின் மணிக்கட்டில் வளையலாகப் போட்டுக் காட்டுவார். பெரிய அளவுச் சட்டை போட்டுக் குழந்தை இன்னும் சின்னதாகத் தெரியும்படி செய்வார்கள். குழந்தையைக் காட்சிப்பொருளாக்குவது பற்றிக் குழந்தைகள் கொடுமைத் தடுப்புச் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. மாற்று என்ன என்பதுதான் அந்தத் தாய்தகப்பன்களின் கேள்வி. குறைமாதக் குழந்தைக்கெனத் தனிப் பிரிவே பெரும்பாலான அமெரிக்க மருத்துவமனைகளில் இல்லை. சிகாகோவில் ஜூலியஸ் ஹெஸ் அத்தகைய ஒரு நிலையத்தை அமைத்ததே 1922-இல்தான். 1920-இல் இரண்டு பவுண்டு எடையில் பிறந்த ஒரு பெண்குழந்தை பிழைக்காது என்று மருத்துவமனை கைவிரித்தபோது, தகப்பன் அவளைப் போர்வையில் சுற்றி, டாக்ஸி பிடித்து, நேராகக் கோனி ஐலண்டுக்குக் கொண்டுபோனார். அந்தக் குழந்தை 96 வயது வரை வாழ்ந்தாள்.

தன்னிடம் வந்த சுமார் 8,000 குழந்தைகளில் 6,500 பேரைக் காப்பாற்றியதாக கூனி சொன்னார். இதை அவருடைய கணக்காகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இன்குபேட்டர் காட்சி யார் நடத்தினாலும் நல்லது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1904-இல் செயின்ட் லூயிஸ் பொருட்காட்சியில் வேறு சிலர் நடத்திய கூடத்தில் சுகாதாரம் சீர்கெட்டு, குழந்தைகள் வயிற்றுப்போக்கால் அடுத்தடுத்து இறந்தார்கள். கூனியின் கூடத்துக்கும் அதற்கும் இருந்த வேறுபாடு கருவியில் இல்லை. கைகழுவுதல், தாய்ப்பால், இரவு பகல் கண்விழித்த செவிலியர் இவற்றில் இருந்தது.

1911 மே 27 அதிகாலை அந்தச் செவிலியருக்குப் பெரும் சோதனை வந்தது. இன்குபேட்டர் கூடம் இருந்த ட்ரீம்லேண்ட் பார்க் அன்றுதான் அந்தப் பருவத்துக்குத் திறக்க வேண்டும். நரகவாசல் என்று பெயரிட்ட படகு விளையாட்டில் ஒழுகலை அடைக்கத் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். விளக்குகள் அணைந்தன, இருட்டில் கொதிக்கும் தார் வாளி கவிழ்ந்தது. மரமும் சுதையும் கொண்டு கட்டிய பூங்கா முழுவதும் சில மணி நேரத்தில் எரிந்து விழுந்தது. மிருகக்காட்சியில் இருந்த விலங்குகள் பல கருகின. பிடரியில் தீப்பற்றிய சிங்கம் ஒன்று தெருவுக்கு ஓடிவந்து சுட்டுக் கொல்லப்பட்டது. இன்குபேட்டர் குழந்தைகள் இறந்துவிட்டதாக முதலில் செய்தி பரவி, பத்திரிகையிலும் வந்தது. உண்மையில் ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாரையும் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். லூனா பார்க்கில் இருந்த இன்குபேட்டர்களில் அந்தக் குழந்தைகளுக்கு இடம் கிடைத்தது.

சிகாகோவின் 1933–34 உலகப் பொருட்காட்சியில் கூனியும் ஹெஸ்ஸும் சேர்ந்து கூடம் நடத்தினார்கள். முதல் ஆண்டில் பிழைத்த 58 குழந்தைகளில் 41 பேர் தாய்மார்களோடு 1934 ஜூலை 25 அன்று அங்கே மீண்டும் கூடினார்கள்; அது வானொலியில் ஒலிபரப்பாயிற்று. நகரச் சுகாதாரத் துறை குறைமாதக் குழந்தைகளைக் கவனிக்கத் தனித்திட்டம் வகுக்க அந்தக் கூடல் பெரிய தூண்டுதல். நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவமனை 1943-இல் குறைமாதக் குழந்தைப் பிரிவைத் திறந்தது. அதே ஆண்டு கூனி தன் கூடத்தை மூடினார். 1950-இல், கையில் பெரிதாகக் காசு இல்லாமல், கோனி ஐலண்டிலேயே இறந்தார்.

ராட்டினங்கள் பாதுகாப்பானதும் காயங்களின் வழியேதான். 1907-இல் கோனி ஐலண்டின் ட்ராப் தி டிப்பில் பயணியின் மடிமேல் இறங்கும் இரும்புத்தடி வந்தது. அதுவே இந்த வகையில் முதல் என்று கருதப்படுகிறது. 1915-இல் ரஃப் ரைடர்ஸ் என்ற கோஸ்டரின் வண்டி வளைவில் தடத்தை விட்டு விழுந்து உயிர்களைப் பறித்தது. தண்டவாளத்தின் அடிப்பக்கமும் பற்றிக்கொள்ளும் சக்கரத்துக்கு ஜான் மில்லர் 1919-இல் காப்புரிமை பெற்றார். இன்று உலகில் ஓடும் கோஸ்டர்கள் பெரும்பாலானவை அந்தச் சக்கரத்தின் வழிவந்தவை.

பின்னால் வந்த பூங்காக்கள் இந்த வரலாற்றை முழுதாகப் படித்துக்கொண்டதாகச் சொல்ல முடியாது. டிஸ்னிலேண்ட் திறந்த 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவில் வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டியது. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் குறைவு. புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் செருப்புக் குதிகால் பதிந்தது. பூங்காவின் முதலுதவி அறைக்கு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி எப்போதுமே இப்படிப்பட்டதுதான்: வெயில் தாக்கு, தலைசுற்றல், காலில் கொப்புளம், குளவிக் கடி, வாந்தி, மாத்திரையை வீட்டில் மறந்துவிட்ட சர்க்கரை நோயாளி. எலும்பு முறிவு அபூர்வம்; நிழலும் தண்ணீரும் இல்லாமல் வருவது தினசரி.

நியூஜெர்ஸியின் வெர்னானில் 1978-இல் தொடங்கிய ஆக்‌ஷன் பார்க்கில் மட்டும் எலும்பு முறிவும் அபூர்வமல்ல. வேகத்தைப் பயணியே கட்டுப்படுத்தலாம் என்பது அந்தப் பூங்காவின் கவர்ச்சி. மலைச்சரிவில் கான்கிரீட்டும் கண்ணாடிநாரும் கொண்டு போட்ட ஆல்பைன் ஸ்லைடில் சிறு வண்டியில் சறுக்கி வந்தவர்கள் தோலை இழந்தார்கள். 1984, 1985 ஆண்டுகளில் அந்த ஒரு சறுக்கில் மட்டும் 14 எலும்பு முறிவுகள், 26 தலைக்காயங்கள் என்று அரசிடம் பதிவாயின. அலைக்குளத்தில் 12 காவலர்கள் நின்றும் உயிர்கள் போயின. 1980-க்கும் 1987-க்கும் இடையில் அந்தப் பூங்காவில் ஆறு பேர் இறந்தார்கள். ஊருக்கு இருந்த ஆம்புலன்ஸ் போதாமல் பூங்காவே ஊராட்சிக்குக் கூடுதல் ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுத்தது. சிராய்த்த தோலில் எரிச்சலான மருந்தைத் தெளித்த முதலுதவிப் பணியாளர்கள் பலர் பள்ளி வயதைத் தாண்டாத இளைஞர்கள். ஒரு நிறுவனம் ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுத்து, சறுக்கை மட்டும் அப்படியே விட்டுவைத்தது மன்னிக்க முடியாதது.

காயங்கள் எழுத்தில் ஏறினால்தான் ராட்டினம் திருந்தும். அமெரிக்க நாடாளுமன்றம் 1981-இல் இதற்கு நேர்மாறாகப் போயிற்று. ஊர் ஊராகப் போகும் ராட்டினங்களை நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கவனிக்கலாம். ஒரே இடத்தில் நிலைத்திருக்கும் பூங்காக்களை அந்த ஆணையம் தொடக்கூடாது என்று சட்டத்தைத் திருத்தியது. நிலையான பூங்காக்கள் அந்தந்த மாநிலத்தின் பொறுப்பாயின. கலிஃபோர்னியாவில் அப்படி ஒரு மாநிலச் சட்டமே இல்லை. 1998 டிசம்பர் 24 அன்று டிஸ்னிலேண்டில் கொலம்பியா என்ற பாய்மரக் கப்பலைக் கரையில் கட்டும்போது, கயிறு மாட்டிய உலோகக் கொக்கி பிய்ந்து தெறித்து ஒரு பார்வையாளரின் உயிரைப் பறித்தது. ஒரு பணியாளரும் காயமடைந்தார். அதன் விளைவாக 1999-இல் சட்டம் வந்தது. சாதாரண முதலுதவிக்கு மேல் மருத்துவம் தேவைப்பட்ட ஒவ்வொரு காயத்தையும் பூங்கா அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

இங்கேதான் மருந்து அறையின் பணியாளர் கையில் பெரிய அதிகாரம் வந்து சேர்கிறது. காயத்தைக் கழுவி ஒட்டுப்பட்டை போட்டால் அது முதலுதவி, அரசுக்குப் போகாது. தையல் போட்டால் மருத்துவம், போகும். தொழிலாளர் காயங்களுக்கான மத்திய அரசு விதியிலும் இதே கோடுதான் கிழித்திருக்கிறது. ஃப்ளோரிடாவில் கோடு இன்னும் தள்ளிப் போய்விட்டது: ஆயிரத்துக்கு மேல் முழுநேர ஊழியர்கள் உள்ள பெரிய பூங்காக்களை மாநில ஆய்வாளர்கள் சோதிப்பதில்லை, மருத்துவமனையில் குறைந்தது 24 மணி நேரம் தங்க நேர்ந்த காயங்களை மட்டும் அந்தப் பூங்காக்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெரிவிக்கின்றன. கழுத்துச் சுளுக்கோடு அன்றே வீடு திரும்பியவரின் வலி எந்தக் கணக்கிலும் சேராது. அந்த அளவுகோலை 1895-இல் வைத்திருந்தால், ஃபிளிப் ஃபிளாப்பில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்களில் எத்தனை பேர் ஏட்டில் ஏறியிருப்பார்கள்? பெரும்பாலோர் ஏறியிருக்கமாட்டார்கள். ஃப்ளோரிடாவின் அளவுகோல் மாற வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

எனவே, பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போகிறவர்கள் நுழைந்தவுடன் முதலுதவி அறை எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்டால், அது சிறு சுளுக்காகவே இருந்தாலும், எந்த ராட்டினத்தில், எத்தனை மணிக்கு, எப்படி நேர்ந்தது என்று பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.